ஆறுதலும் ஆற்றுப்படையும்: இஸ்லாமியக் கல்வியும் ஆற்றுப்படுத்தற் கல்வியும் ஒருங்கு பயிலுதல்

1. முன்னுரை

துன்புற்றார்க்குத் துணைநிற்றல் எல்லாச் சமயங்களும் வற்புறுத்தும் அறமாகும். அவ்வறத்தைப் பல்கலைக்கழகத்திற் பயிலத்தக்க தனித் துறையாக வகுத்துக் கொண்டது 20ஆம் நூற்றாண்டின் செயலாகும். ஒருவருடைய உள்ளத் துயரைக் கேட்டறிந்து, அவர் தம் வழியைத் தாமே காணுமாறு துணைபுரியும் முறையினை இன்று ஆற்றுப்படுத்தல் என வழங்குகின்றோம். நோயிலும் இறப்பிலும் குடும்ப இன்னலிலும் சமயப் பணியாளர் செய்யும் துணையினை ஆன்மத்துணை என்னும் பெயரால் இக்கட்டுரை சுட்டும். இஸ்லாமிய சமயக் கல்வியை இவ்விரண்டோடும் சேர்த்துப் பயிலுதலின் இன்றியமையாமை யாது, அதன்கண் தமிழ்த்துறைக்கு உரிய பங்கு யாது என்பவற்றை ஆராய்தலே ஈண்டு நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குக் களமாகத் திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி கொள்ளப்படுகின்றது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் மோட்டார் வண்டி உற்பத்தி தொடங்கியது. 2010ஆம் ஆண்டையொட்டி ஒரகடத்திலும் பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. மின்னணுக் கருவிகள் செய்யும் ஆலைகளும் பெருகின. ஏரியும் வயலுமாக இருந்த காஞ்சி நாட்டுப் பகுதி, பல மாவட்டத்தாரும் பல மாநிலத்தாரும் வந்து தங்கிப் பணிபுரியும் இடமாயிற்று. தொழிலாளருட் பெண்கள் மிகப் பலர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பெற்ற பெண் தொழிலாளர் தங்கும் விடுதி 18,720 படுக்கைகளை உடையது என்பதொன்றே அவர்தம் பெருக்கத்தைக் காட்டப் போதும்.

சொந்த ஊரில் ஒருவர்க்குத் துயர் வந்தால் சுற்றத்தார் உளர். முஸ்லிமாயின் ஜமாஅத்து உண்டு. ஓதிக்கொடுத்த ஆலிம் உளர். உரிமையோடு வந்து உடனிருக்கும் அண்டை வீட்டாரும் உளர். விடுதியில் இவர்களுள் ஒருவரும் இலர். ஆண்டு உடனிருப்போர் ஒரே முறைப்பணியினால் அடுத்தடுத்த படுக்கையைப் பெற்றவரே. ஊர் செய்துவந்த பணியை அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் செய்ய வேண்டியவராகின்றார். அவர்க்கு எத்தகைய கல்வி வேண்டும் என்பதே நம் வினா.

2. சொல்லாராய்ச்சி

கிறித்தவ வழக்கில் இப்பணி மேய்ப்புப் பணி எனப்படும். ஆயரையும் ஆட்டு மந்தையையும் உவமையாகக் கொண்டு பிறந்த சொல் அது. இஸ்லாமிய மரபிலும் அவ்வுவமை உண்டு. ஒவ்வொருவரும் ஒரு மேய்ப்பரே, ஒவ்வொருவரும் தம் பொறுப்பிலுள்ளாரைப் பற்றி வினவப்படுவர் என்னும் கருத்துடைய நபிமொழி யாவரும் அறிந்தது. எனினும் ஈண்டு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. இஸ்லாத்தில் இறைவனுக்கும் மனிதனுக்கும் இடைநின்று பாவமன்னிப்பு வழங்கும் குருத்துவம் இல்லை. இமாம் தொழுகையை முன்னின்று நடத்துபவர், ஆலிம் கற்றறிந்தவர். எனவே மேய்ப்புப் பொறுப்பு ஒரு பிரிவார்க்கே உரியதாகாமல் தந்தைக்கும் தாய்க்கும் தலைவனுக்கும் பணியாளுக்கும் பகிரப்படுகின்றது.

இலங்கைத் தமிழர் உளவளத்துணை என்னும் சொல்லை வழங்குகின்றனர். தமிழகத்தில் ஆலோசனை என்னும் சொல் பெருவழக்காக உள்ளது. ஆயின் ஆலோசனை என்றவழிக் கேட்போர்க்குத் தோன்றுவது, அறிந்தவர் அறியாதவர்க்குச் சொல்லும் முடிவேயாகும். ஆற்றுப்படுத்தல் என்னும் சொல் இதனினும் பொருத்தமுடையது. தொல்காப்பியப் புறத்திணையியல் கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியரும் தாம் பெற்ற பெருவளத்தைப் பெறாதார்க்கு அறிவுறுத்தி அவரும் பெறுமாறு வழிகூறுதலை ஒரு துறையாக வகுக்கின்றது. பத்துப்பாட்டுள் ஐந்து இவ்வகையின. அவற்றுள் பெரும்பாணாற்றுப்படை, கச்சி ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடத்துச் செல்லும் வழியைக் கூறுவது. இன்று தொழிற்சாலைப் பேருந்துகள் செல்லும் நிலப்பகுதி அக்கச்சியைச் சூழ்ந்த தொண்டைநாடே ஆகும்.

ஆற்றுப்படை நூல்களில் மூன்று இயல்புகள் உள. வழிகூறுவோன் தானும் அவ்வழியே நடந்தவன். வறுமையும் பசியும் இன்னவென அறிந்தவன். இடைவழியில் உள்ள ஊர்களையும் இடர்களையும் உள்ளவாறே கூறுவான். வழி எளிதெனப் பொய் கூறான். கேட்போனைத் தான் சுமந்து செல்லான், நடப்பவன் கேட்டவனே. இம்மூன்றும் இக்கால ஆற்றுப்படுத்தற் கலைக்கும் அடிப்படையாதல் காண்க.

இன்னொன்றும் கருதுதற்குரியது. ஆறுதல் என்னும் சொல் தணிதற்பொருள் தரும் ஆறு என்னும் வினையடியாகப் பிறந்தது. சூடு ஆறுதல், புண் ஆறுதல் என்பன போல. ஆற்றுப்படுத்தல் என்பதோ வழி என்னும் பொருளுடைய ஆறு என்னும் பெயரினின்று வந்தது. இரண்டும் வழக்கில் ஒன்றுபோல ஒலித்தலின் பொருளும் மயங்குகின்றது. ஆறுதல் கூறுவோர் பேசுகின்றனர். ஆற்றுப்படுத்துவோர் முதலிற் கேட்கின்றனர். முன்னது துயரைத் தணிக்க விரைவது. பின்னது துயருற்றார் நிற்கும் இடத்தை அறிந்த பின்னரே வழிகாட்ட முற்படுவது. சமயக் கல்வி பெரும்பாலும் முன்னதில் வல்லது. பின்னது பயிற்சியினால் வருவது.

3. கல்வியாக வளர்ந்த வரலாறு

1925ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் மனநோய் மருத்துவமனையில் ஆன்டன் பாய்சன் என்பார் இறையியல் மாணவர் சிலரைத் திரட்டிப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். தாமே மனநோயுற்று மருத்துவமனையில் இருந்து மீண்டவர் அவர். இறையியல் மாணவர் நூல்களைக் கற்பதுபோலவே துன்புற்ற மனிதரையும் நூலாகக் கொண்டு கற்றல் வேண்டும் என்பது அவர் கொள்கை. மருத்துவமனையிலேயே பயிலும் ஆன்மத்துணைக் கல்வி இதனின்றும் வளர்ந்தது.

இந்தியாவில் சமயக் கல்வியும் ஆற்றுப்படுத்தற் கல்வியும் ஒரே பட்டத்துள் கூடியமைக்குத் தக்க சான்று செராம்பூர் இறையியற் கல்வியாகும். 1818இல் தோன்றி 1827இல் டேனிய அரசரின் பட்டயம் பெற்ற செராம்பூர்க் கல்லூரியின் செனட், நாட்டின் பல இறையியற் கல்லூரிகளுக்குப் பட்டம் வழங்குகின்றது. அதன் இறையியல் இளநிலைப் பாடத்துள் சமயங்கள் என்னும் பிரிவும் அருட்பணி என்னும் பிரிவும் உள. முன்னதில் இஸ்லாம் பயிலப்படுகின்றது. பின்னதில் மேய்ப்புப் பணியும் ஆற்றுப்படுத்தலும் பயிலப்படுகின்றன. 1969இல் மதுரை அரசரடியில் தோன்றிய தமிழ்நாடு இறையியற் கல்லூரி இவ்வகைக் கல்வியைத் தமிழ்வழியே நடத்திப் பெயர் பெற்றது. 1930இல் இலாகூரில் தொடங்கிப் பின்னர் ஐதராபாத்தில் நிலைபெற்ற ஹென்றி மார்ட்டின் நிறுவனம், இஸ்லாத்தைக் கற்பித்தலையும் சமயத்தாரிடை நல்லிணக்கம் வளர்த்தலையும் ஒன்றிணைத்தது. இவை யாவும் கிறித்தவர் இஸ்லாத்தைக் கற்றமைக்குச் சான்றுகள். முஸ்லிம்களே தம் சமயத்தை ஆன்மத்துணையோடு சேர்த்துக் கற்கும் பாடங்கள் 2000ஆம் ஆண்டையொட்டி மேனாடுகளில் தோன்றின. அமெரிக்க நாட்டு ஹார்ட்ஃபோர்டிலும் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரையடுத்த மார்க்ஃபீல்டிலும் மருத்துவமனை, சிறை, பல்கலைக்கழகம் ஆகியவற்றிற் பணிபுரியும் முஸ்லிம் ஆன்மத்துணைவர்க்குப் பயிற்சி அளிக்கப்படுகின்றது.

இவற்றால் இக்கலை இஸ்லாத்திற்குப் புதியதென்று கருதற்க. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்கிந்தி துயர் நீக்கும் வழிகளைப் பற்றித் தனி நூல் இயற்றினார். அபூ ஸைது அல்பல்கி (850–934) உடல்நலத்தையும் உள்ளநலத்தையும் ஒரே நூலின் இரு பகுதிகளாக ஆராய்ந்து, உள்ளத்திற்கும் உடலைப்போலவே நோயும் மருந்தும் உண்டென விளக்கினார். இமாம் கஸ்ஸாலி (1058–1111) உள்ளத்தின் நோய்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். சூடான் நாட்டு உளவியலறிஞர் மாலிக் பத்ரி 1979இல் வெளியிட்ட நூலில், மேலை உளவியலை ஆராயாது அப்படியே ஏற்கும் முஸ்லிம் உளவியலாரின் இக்கட்டை எடுத்துக்காட்டினார். பழைய மரபும் புதிய கலையும் எதிரெதிர் நிற்பன அல்ல. இணைக்கப்படாது நிற்பன எனலே பொருந்தும்.

4. ஒன்றின்றி மற்றொன்று

இரு கல்வியையும் ஏன் ஒருவரே பெறல் வேண்டும்? சமயத்தை ஆலிமிடமும் உள்ளத்தை உளவியலாரிடமும் விட்டால் ஆகாதோ எனின், சில எடுத்துக்காட்டுகளால் விடை காண்போம்.

கடையநல்லூரிலிருந்து வந்து ஒரகடத்தில் இரவுப் பணி செய்யும் இளம்பெண் ஒருத்திக்குத் தந்தை இறந்த செய்தி நள்ளிரவில் வருகின்றது எனக் கொள்வோம். இஸ்லாமிய முறையில் அடக்கம் விரைந்து செய்யப்பெறும். அவள் ஊர் சேர்வதற்குள் ஜனாஸா எடுக்கப்பட்டுவிடும். கடைசி முறை முகம் காணவில்லையே என்னும் துயர் அவளை நெடுநாள் வருத்தும். ஆற்றுப்படுத்தல் மட்டும் பயின்றவர் அவள் அழுகையைப் பொறுமையுடன் கேட்பார். ஆயின் உடலைச் சிலநாள் வைத்திருக்கலாகாதோ என்று ஒருமுறை வினவிவிடின் அவள் வாய் மூடிக்கொள்வாள். தன் மரபை இவர் அறியார் என உணர்ந்துவிடுவாள். சமயம் மட்டும் பயின்றவரோ ஸப்ர் செய், அல்லாஹ்வின் நாட்டம் என்பார். அது மெய்யே. ஆயினும் சொல்லும் காலம் தவறியமையால் அதுவும் அவள் வாயை மூடிவிடும். அழுவதே ஈமானில் குறையோ என அஞ்சி அவள் துயரை உள்ளே அடக்குவாள்.

இரண்டும் பயின்றவர் அறிவன வேறு. நபிகள் நாயகம் தம் மகன் இப்ராஹீம் இறந்தபோது கண்ணீர் வடித்தார்கள். கண் அழுதலும் நெஞ்சு நோதலும் குற்றமல்ல என்று உணர்த்தினார்கள். குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்தில் யஃகூபு நபி அழகிய பொறுமையைக் கைக்கொள்கின்றார். அவரே யூசுபை நினைந்து கண்ணொளி மங்கும்வரை துயருறுகின்றார். தம் துயரை இறைவனிடம் முறையிடுகின்றார். எனவே ஸப்ர் என்பது அழாதிருத்தலன்று; துயரை உரிய இடத்திற் சொல்லத் தெரிதலும் அதனுள் அடங்கும். மேலும், உடல் முன்னில்லாதபோது தொழப்பெறும் காயிப் ஜனாஸாத் தொழுகை ஷாஃபிஈ நெறியில் ஏற்கப்பட்டது. ஹனஃபி நெறியில் ஏற்கப்படாதது. இறந்தவர்க்காகத் துஆச் செய்தலும் தருமம் செய்தலும் இருவர்க்கும் உண்டு. தமிழகக் கடலோர முஸ்லிம்களுள் ஷாஃபிஈ நெறியினர் மிகுதி; உள்நாட்டிலும் வடமாவட்டங்களிலும் ஹனஃபி நெறியினர் மிகுதி. இவ்வேறுபாடு அறிந்தவரே, அப்பெண் தந்தைக்குச் செய்யத்தக்க கடன் இன்னும் எஞ்சியுள்ளது என்பதை அவளே கண்டுகொள்ள உதவுவர்.

இரண்டாவது, கணவனை இழந்த தொழிலாளியின் நிலை. அவள் 4 மாதமும் 10 நாளும் இத்தா இருத்தல் குர்ஆன் விதித்த கடமை. கருவுற்றிருப்பின் மகப்பேறு வரை. வேலையை விட்டுவிடு என்று ஒரு சாராரும், இக்காலத்தில் இத்தா எதற்கு என்று மற்றொரு சாராரும் கூறுவர். பிழைப்பும் கடமையும் ஒன்றையொன்று அழிப்பன என்றே இருவரும் கருதிவிட்டனர். தேவை கருதிப் பகலில் வெளிச்செல்லவும் இரவைத் தன் இல்லத்திற் கழிக்கவும் அவளுக்கு இடமுண்டு என்பது ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு நெறியினரின் சட்ட நூல்களிலும் காணப்படும் கருத்தாகும். அவ்வாறாயின் சிக்கல் வேலையன்று, இரவு முறையே எனத் தெளிவாகும். பகல் முறைக்கு மாற்றித் தருமாறு மேலாளரிடம் கேட்டலும், தன் நிலைக்குரிய தீர்ப்பை ஆலிமிடம் கேட்டறிதலும் அவள் செய்யத்தக்கன. ஆற்றுப்படுத்துவோர் தாமே பத்வா வழங்குதல் கூடாது. யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என வழிகூறுதலே அவர் கடன்.

மூன்றாவது, இனி வாழ விரும்பவில்லை எனக் கூறுவோர். தற்கொலை இஸ்லாத்தில் விலக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயின் அவ்வெண்ணத்தை வெளியிட்டவரிடம் முதற்சொல்லாக அது ஹராம் என்று கூறின், எண்ணம் அகலாது, வெளியிடுதலே நின்றுவிடும். குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தில் மர்யம் மகப்பேற்று வேதனையில், இதற்கு முன்பே இறந்து மறக்கப்பட்டிருக்கலாகாதா என ஏங்குகின்றார். அவரை இறைமறை கடிந்துரைக்கவில்லை. வருந்தற்க என்னும் குரலும் நீரும் கனியுமே அவர்க்கு முதலில் வருகின்றன. துயரின் உச்சியிற் சொல்லப்படும் சொல்லை அஞ்சாது கேட்கலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சமயச் சான்று வேண்டுவதில்லை. இந்திய நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு உள்ளானவர் என்றே கொள்கின்றது. கேட்டபின் மருத்துவரிடம் சேர்ப்பித்தல் தலையாய கடமை என்க.

5. இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் தரும் துணை

இலங்கை அறிஞர் ம. மு. உவைஸ் 1979 முதல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திற்கென அமைந்த இருக்கையில் பணியாற்றினார். அவரும் பின்வந்தோரும் முஸ்லிம் புலவர் தமிழுக்குத் தந்த புதிய இலக்கிய வகைகளை விரிவாக ஆராய்ந்துள்ளனர். மசலா, முனாஜாத்து, கிஸ்ஸா, நாமா, படைப்போர் என்பன அவை. யாப்பும் வகையும் பற்றி ஆராய்ந்த நாம், அவ்விலக்கியங்கள் மக்கள் வாழ்வில் என்ன பணி செய்தன என்பதையும் ஆராய்தல் நன்று.

மசலா வினாவிடை வடிவினது. வண்ணப்பரிமளப் புலவர் 1572இல் அரங்கேற்றிய ஆயிர மசலா, இபுனு சலாம் என்னும் யூத அறிஞர் நபிகளிடம் வினவிய வினாக்களால் அமைந்தது. நூலை நடத்துபவர் வினவுவோரே. ஐயம் கொண்டவர் ஐயத்தை முற்றக் கூறிய பின்னரே விடை வருகின்றது. வினவுதல் ஈமானுக்குப் பகையன்று என்பதை இவ்வடிவமே உணர்த்துகின்றது. முனாஜாத்து, அடியார் இறைவனிடம் தனித்து நின்று தம் குறையைச் சொல்லும் வேண்டுகோள். ஆண்டுக் கூறுவோர் மனிதர், கேட்போன் இறைவன். துயருற்றார்க்குத் துயரைச் சொல்லும் சொற்களை அது தந்தது. கீழக்கரை ஆசியா உம்மா போன்ற பெண்பாற் புலவரின் ஞானப் பாடல்களும், அரபுத்தமிழ் எழுத்தில் வீடுகளிற் பெண்கள் ஓதிய நூல்களும் இவ்வகையில் ஆராயத்தக்கன.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் இரு பகுதிகள் ஈண்டுச் சிறப்பாக நினைக்கத்தக்கன. முதலாவது நபிப்பட்டம் பெற்ற வரலாறு. ஹிரா மலைக் குகையில் வானவரைக் கண்டு நடுங்கி வந்த நபிகளைக் கதீஜா அம்மையார் போர்த்தி அமர்த்தினார், நிகழ்ந்ததைக் கேட்டார், உறவினரைப் பேணுதலும் வறியோர்க்கு உதவுதலுமாகிய அவர்தம் பண்புகளை எடுத்துக் கூறி உறுதியூட்டினார், பின்னர் வேதமறிந்த முதியவரான வரகாவிடம் அழைத்துச் சென்றார். உடலுக்கு முதலில் அமைதி, பின்னர்க் கேட்டல், பின்னர் உள்ள ஆற்றலை நினைவூட்டல், தம்மினும் அறிந்தாரிடம் சேர்ப்பித்தல் என்னும் முறை இவ்வரலாற்றில் அமைந்து கிடக்கின்றது. இஸ்லாமிய வரலாற்றின் முதல் ஆற்றுப்படுத்துநர் ஒரு பெண் என்பதும் நோக்கத்தக்கது.

இரண்டாவது மானுக்குப் பிணை நின்ற படலம். வேடன் வலையிற்பட்ட பெண்மான் தன் கன்றுக்குப் பாலூட்டி மீண்டுவர விடை வேண்டுகின்றது. வேடன் நம்பவில்லை. நபிகள் அதன் துயரைக் கேட்டுத் தாமே பிணை நிற்கின்றார்கள். மான் சென்று மீள்கின்றது. இதனை அற்புதச் செயலாகவே நாம் வகுப்பறையிற் கற்பித்து வருகின்றோம். தாயின் துயரைக் கேட்டவர் ஆறுதல் கூறி அமையவில்லை. விடுவிக்கும் அதிகாரம் உடையவனிடம் சென்று தம்மையே ஈடாக வைத்தார். குழந்தையை ஊரில் விட்டுவந்து விடுமுறை கிடையாது வருந்தும் தொழிலாளியின் பொருட்டு மேலாளரிடம் பேச வேண்டிய ஒருவர்க்கு இப்படலம் பாடமாகும்.

சொல்வளமும் கருதத்தக்கது. தமிழ் முஸ்லிம்கள் தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளி எனச் சமயக் கடமைகளுக்குத் தமிழ்ச் சொற்களையே வழங்குவர். இறப்பை மௌத்து என்றும், பெரியோர் மறைவை வபாத்து என்றும் கூறுவர். ஆற்றுப்படுத்தற் கலையில் மறைகாத்தல் முதல் விதி. கேட்டதைப் பிறரிடம் கூறேன் என்னும் உறுதியைப் புதுச்சொற்களால் விளக்குதலினும், இது என்னிடம் அமானிதம் என்னும் ஒரு சொல் அம்மக்கள் நெஞ்சில் எளிதிற் சென்று பதியும். இத்தகைய சொற்களைத் தொகுத்துப் பொருள் வரையறுத்தல் தமிழ்த்துறை செய்யத்தக்க பணி.

6. அழுகை நான்கு

இங்கே ஒரு தடை எழும். தொழிலாளர் துன்பத்திற்குக் காரணம் ஊதியமும் பணிநேரமும் விடுதி நிலையுமாயின், சமயமும் ஆற்றுப்படுத்தலும் கூடி அவர்களைப் பொறுத்திருக்கச் செய்யும் கருவியாகிவிடாவோ என்பர். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. 2021 திசம்பரில் திருப்பெரும்புதூர்ப் பகுதி மின்னணு ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். தொழிலாளர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடிய பின்னரே நாடு அதனை நோக்கியது. அவர்க்கு வேண்டியது நல்லுணவும் நல்லுறைவிடமுமே. ஸப்ர் பற்றிய உரையன்று.

இத்தடைக்கு விடை தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் உளது. ஆசிரியர் அழுகையை ஒன்றாகக் கொள்ளாது இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களை வகுக்கின்றார். பிறரால் இகழப்படுதல் இளிவு. உற்றாரையும் உடைமையையும் இழத்தல் இழவு. முன்னை நன்னிலையினின்று தாழ்தல் அசைவு. நுகர்வனவின்றி நிற்றல் வறுமை. கண்ணீர் ஒன்றே, காரணம் நான்கு. தந்தையை இழந்தவள் அழுகை இழவு பற்றியது. அதற்கு ஆறுதலும் துஆவும் வேண்டும். மேற்பார்வையாளரின் சுடுசொல்லால் வந்த அழுகை இளிவு பற்றியது. அதற்கு முறையீடும் நீதியும் வேண்டும். ஊதியம் போதாமை வறுமை பற்றியது. ஊரில் ஆசிரியர் மதித்த மாணவியாக இருந்தவள் ஈண்டு ஓர் எண்ணாக நிற்றல் அசைவு பற்றியது. இளிவுக்கும் வறுமைக்கும் பொறுமையை மருந்தாகத் தருதல் கொடுமை. இழவுக்குச் சட்டத்தை மருந்தாகத் தருதல் பேதைமை. உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்குமாறு பணிக்கும் நபிமொழியும் ஸப்ரைப் போற்றும் இறைமொழியும் ஒரே சமயத்தின்கண் உள்ளன. எவ்விடத்து எதனை எடுப்பது என அறிதலே கல்வி.

7. பாடத்திட்டம் பற்றிய சில கருத்துக்கள்

இத்தொழிற்பகுதியிலேயே இக்கல்விக்குரிய உறுப்புக்கள் உள. 1993இல் நிறுவப்பெற்று 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முதன்மை பெற்ற இராசீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் திருப்பெரும்புதூரில் உள்ளது. வாழ்க்கைத்திறனும் வழிகாட்டலும் அங்குப் பாடங்களாக இடம்பெற்று வந்துள்ளன. ஒரகடத்தின் ஊடாகச் செல்லும் வண்டலூர்–வாலாசாபாத்துச் சாலையின் கீழ்முனையில், 1984இல் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கிய பி. எஸ். அப்துர் ரகுமான் கிரசென்ட் நிறுவனம் உள்ளது. அங்கு இஸ்லாமியக் கல்விக்கெனத் தனிப்பிரிவு உண்டு. சாலையின் ஒரு பால் உள்ளக் கல்வியும் மறுபால் சமயக் கல்வியும் இருக்க, இடையே தொழிலாளர் வாழ்கின்றனர். இவற்றை இணைக்கும் மொழிக்கல்வியைத் தமிழ்த்துறைகள் தருதல் கூடும்.

அமைக்கத்தக்க பாடத்தில் நான்கு பகுதிகள் வேண்டும். நோய், இறப்பு, இத்தா, நோன்பு ஆகியன பற்றிய இஸ்லாமியச் சட்டமும் குர்ஆன், நபிவரலாறு ஆகியவற்றின் துயர்ப்பகுதிகளும் ஒன்று. கேட்டல், மறைகாத்தல், மருத்துவரிடம் சேர்ப்பித்தல் ஆகிய ஆற்றுப்படுத்தற் பயிற்சி மற்றொன்று. இஸ்லாமியத் தமிழ் இலக்கியமும் சொற்பொருளும் மூன்றாவது. மருத்துவமனையிலும் விடுதியிலும் ஆசிரியர் மேற்பார்வையிற் செய்யும் களப்பணி நான்காவது.

களப்பணியில் தமிழ் மாணவர்க்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஆன்மத்துணைப் பயிற்சியில், மாணவர் தாம் நிகழ்த்திய உரையாடலை நினைவினின்று சொல்லுக்குச் சொல் எழுதி, பெயரையும் அடையாளத்தையும் நீக்கி, உடன் பயில்வோர் முன் ஆராய்வர். தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் உறுப்புக்களுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பன அவ்வாராய்ச்சிக்கு அப்படியே பொருந்துகின்றன. யார் கூறினார், யார் முன் கூறினார், எவ்விடத்து, எப்பொழுது, என்ன பயன் கருதி, எவ்வுணர்ச்சியோடு, எதனைச் சொல்லாது விட்டார் என்னும் வினாக்களே உரையாசிரியரை வழிநடத்தின. அகப்பாட்டில் தோழி சொல்லாது விட்டதை உய்த்துணரப் பயின்றவர்க்கு, விடுதிப் பெண் சொல்லாது விட்டதைச் செவிமடுத்தல் அரிதன்று. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பாட்டு நாம் பொருள் தவறினும் வருந்தாது, மனிதர் வருந்துவர். ஆதலின் மேற்பார்வை இன்றியமையாதது.

இக்கல்வி பிரசாரமாகிவிடும் என அஞ்சுவாரும் உளர். பல்கலைக்கழகத்தில் இஸ்லாத்தைக் கற்போர் முஸ்லிமாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. செராம்பூர்க் கல்வியிற் கிறித்தவ மாணவர் அதனைக் கற்று வருதல் முன்னரே கூறப்பட்டது. துயருற்றார் மனம் நெகிழ்ந்திருக்கும் வேளையைத் தம் சமயத்துக்கு ஆள்சேர்க்கும் வாயிலாகக் கொள்ளுதல் அமானிதத்திற்குச் செய்யும் இரண்டகமாகும். கேட்பவர் விரும்பாதவழிச் சமயச்சொல் எதனையும் கூறாதிருத்தலும் இக்கல்வியின் பகுதியே. மேலும், இப்பகுதித் தொழிலாளருள் இந்தியும் வங்காளமும் ஒடியமும் அசாமியமும் பேசுவோர் பலர். தமிழ்வழி அமையும் இப்பாடம் அவர்க்கு முற்றும் பயன்படாது. அவரவர் மொழியறிந்தாரையும் பயிற்றுதல் வேண்டும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில கருத்துக்கள் பெறப்படும். சமயம் அறியாத ஆற்றுப்படுத்தல் துயருற்றாரின் உலகத்துட் புக இயலாது. ஆற்றுப்படுத்தல் அறியாத சமயம் துயருற்றாரின் சொல்லைக் கேட்குமுன் தன் சொல்லைச் சொல்லிவிடும். இரண்டும் ஒருவர் மாட்டு அமைதல் வேண்டும். அவ்விணைப்புத் தமிழகத்தில் தமிழின் வழியே நிகழ்தல் வேண்டும். இங்குள்ள முஸ்லிம்கள் இறைவனை அரபியில் ஓதித் தொழினும், அழுவது தமிழிலேயாம். எவ்வழுகை இழவால் வந்தது, எவ்வழுகை இளிவால் வந்தது எனப் பகுத்தறிதல் இக்கல்வியின் உயிர்நாடி.

சீறாப்புராணத்தையும் மெய்ப்பாட்டியலையும் தேர்வுக்குரிய நூல்களாக நாம் ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். நம்மிடம் கற்று வெளிச்செல்லும் மாணவியர் சிலர் அவ்வாலைகளிற் பணிக்குச் செல்கின்றனர். சிலர் அவ்விடுதிகளின் காப்பாளராகின்றனர். நள்ளிரவில் அடுத்த படுக்கையில் ஒருத்தி அழும்போது என்ன சொல்வது, என்ன சொல்லாதிருப்பது, யாரிடம் அழைத்துச் செல்வது என அவர் அறிந்திருப்பின், நம் துறை தன் கடமைகளுள் ஒன்றைச் செய்ததாகும்.